மே மாதம் என்று சொன்னது நான்

கடலுக்கு அடியில் போய்ப் பார்க்க எந்த மாதம் நல்லது என்று யாராவது கேட்டால் இப்போது பட்டென்று சொல்வேன். அந்தமான் என்றால் ஜனவரி, பிப்ரவரி, மார்ச். ஏப்ரல் வரைக்கும்கூடப் பரவாயில்லை. கடல் அடங்கிக் கிடக்கும், தண்ணீர் தெளிந்திருக்கும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் கேட்க வேண்டிய நேரத்தில் ஒரே ஒருத்தர்தான் கேட்டார். அவருக்குத் தப்பாகச் சொன்னேன். நான் பூகோள டீச்சர். இதை யாரிடம் சொல்லி அழ?

குரோம்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை. வீட்டுக்காரருக்கு பீச் ஸ்டேஷன் பக்கம் மத்திய அரசு ஆபீஸில் வேலை. எண்பதுகளின் கடைசியில் அஸ்தினாபுரத்தில் ஒரு மனை வாங்கி வீடு கட்டினோம். அதற்கப்புறம் வந்த பத்து வருஷத்தை இப்போது நினைத்தாலும் எனக்குக் கால் வலிக்கிறது. விடியற்காலையில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்பது, சமைப்பது, மகளுக்குச் சடை பின்னுவது, பஸ்ஸுக்கு ஓடுவது, நாள் முழுக்கத் தொண்டைத் தண்ணி வற்றக் கத்துவது, சாயங்காலம் ஒரு கட்டு நோட்டோடு வீடு திரும்புவது. மற்றவர்களுக்கு நகை ஆசை, புடவை ஆசை. எனக்கு அந்த வருஷங்களில் ஒரே ஆசை, தூக்கம்.

அவருக்கு வேறு ஆசை இருந்தது. அவர் மாடம்பாக்கத்தில் வளர்ந்தவர். சின்ன வயதில் வயல் கிணறு ஒன்று விடாமல் குதித்தவர். கிணற்றின் அடியில் போய் மூச்சடக்கி உட்கார்ந்திருப்பாராம். ஒரு தை மாதம் தீவுத்திடல் பொருட்காட்சிக்குப் போனபோது அந்தமான் கடையில் ஒரு பெரிய படம் மாட்டியிருந்தார்கள். முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஒருத்தன் பவளப்பாறைக்கு மேலே மிதக்கிறான். இவர் அதன் முன்னால் நின்றவர்தான், நகரவே இல்லை. நானும் மகளும் அப்பளம் தின்று முடித்துத் திரும்பி வந்தோம். அப்போதும் அங்கேயேதான் நிற்கிறார்.

"டீச்சர், இதைக் கட்டிக்கிட்டா ஒரு மணி நேரம் கீழயே இருக்கலாமாம். கிணத்துல எல்லாம் நல்லா தெரிய ஆரம்பிக்கும்போதுதான் மூச்சு முட்டும். எப்பவும் பாதியிலயே மேல வந்துடுவேன்" என்றார். வீட்டிலும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். கிண்டல்தான். ஆனால் என் படிப்பில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

கிணற்றில் குதித்துக் குதித்து அவருக்கு இடது காது கெட்டுப்போயிருந்தது. வருஷத்தில் இரண்டு முறையாவது சீழ் வடியும். பொருட்காட்சி முடிந்த பிறகு ஒழுங்காக மருந்து போட ஆரம்பித்தார். மனுஷனுக்கு எங்கிருந்துதான் அந்த ஒழுங்கு வந்ததோ! ஒன்றரை வருஷம் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் காதில் எண்ணெய்ப் பஞ்சு. தாம்பரத்தில் காது டாக்டரிடம் என்னையும் அழைத்துப்போனார். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இப்போ நல்லா காஞ்சிருக்கு. ஜவ்வு மெல்லிசுதான், ஆனா ஓட்டை இல்ல. கடலுக்குள்ள போகணும்னா இப்பவே போயிட்டு வந்துடுங்க சார். இன்னொரு தடவை சீழ் வெச்சுதுன்னா அந்த ஆசையை விட்டுடுங்க."

அவர் ஆபீஸில் எல்.டி.சி. என்று ஒன்று உண்டு. நாலு வருஷத்துக்கு ஒரு தடவை அரசாங்கச் செலவில் குடும்பத்தோடு இந்தியாவுக்குள் எங்கே வேண்டுமானாலும் போய்வரலாம். அதில் கப்பலில் அந்தமான் போவதென்று முடிவு செய்தார். மேலதிகாரியும் நல்ல மனுஷர், எந்த மாதம் வேண்டுமோ எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டாராம். பாக்கி ஒன்றே ஒன்றுதான், எந்த மாதம்.

மார்ச் மாதம் ஒரு சாயங்காலம். நான் தரையில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அவர் காலண்டரைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"நீதானே பூகோளம் படிச்சவ. எந்த மாசம் நல்லதுன்னு நீயே சொல்லு. நீ சொல்ற மாசத்துக்கு டிக்கெட் போட்டுடறேன்."

நான் தலையே தூக்கவில்லை. என் கணக்கு எப்போதோ முடிந்திருந்தது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைக்கும் அசைய முடியாது. எங்கள் தெரு பள்ளம். மழை பிடித்தால் முழங்கால் தண்ணீர் வீட்டுக்குள் வரும், ஃபிரிட்ஜைச் செங்கல் மேல் ஏற்ற வேண்டும், அரிசி மூட்டையைக் கட்டில் மேல் போட வேண்டும். ஜனவரியில் எனக்குத் திருப்புதல் தேர்வு. பிப்ரவரி, மார்ச்சில் லீவு என்று வாயைத் திறந்தால் ஹெட்மிஸ்ட்ரஸ் என் உயிரை எடுத்துவிடுவார். ஏப்ரலில் பேப்பர் திருத்தப் போக வேண்டும். எனக்கு ஒழிந்திருந்தது மே மாதக் கடைசி இரண்டு வாரம் மட்டும்தான்.

"மே கடைசி" என்றேன்.

"அப்போ மழை கிழை இருக்காதே?"

"கத்திரி வெயில்ல மண்டை பொளக்கும், மழையாம் மழை. மழைக்கு ஐப்பசி வரணும். போங்க, என்னை வேலை செய்ய விடுங்க."

இதைப் படிக்கிறவர்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். எங்கள் பக்கத்தில் மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். அப்போதுதான் ஏரி நிரம்பும், பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுவார்கள், தவளை வீட்டுக்குள் வரும். ஜூன், ஜூலையில் நாடு முழுக்கக் கொட்டினாலும் தாம்பரத்துக்காரர்களுக்கு அது ரேடியோவில் வரும் செய்தி. ஆனால் நான் சும்மா தாம்பரத்துக்காரி இல்லையே! பதினான்கு வருஷமாக ஒவ்வொரு ஜூலையும் கரும்பலகையில் இந்தியாவை வரைந்து, கீழேயிருந்து நீலச் சாக்பீஸால் அம்பு போட்டு, "தென்மேற்குப் பருவக்காற்று மே மாதக் கடைசியில் முதலில் அந்தமானைத் தொடும், அப்புறம்தான் கேரளம்" என்று பிள்ளைகளைச் சேர்ந்து சொல்ல வைத்தவள். அந்த அம்பு கரும்பலகையிலேயே நின்றுவிட்டது. என் வீட்டுக் காலண்டர் வரைக்கும் வரவே இல்லை.

மே கடைசியில் கப்பல் ஏறினோம். மூன்று நாள். இரண்டாம் நாளே கடல் தூக்கித் தூக்கிப் போட்டது. நானும் மகளும் வாந்தி எடுத்து எடுத்துக் குடல் வெளியே வந்துவிடும் போலக் கிடந்தோம். அவர் மட்டும் மேல்தளத்தில் போய் நின்று பார்த்துவிட்டு வந்து, "கரைக்கிட்ட அமைதியா இருக்கும்" என்பார். போய் இறங்கினால் மழை. சாதாரண மழையா அது? கூரை இடிந்து விழுவது போல இரவும் பகலும் பெய்தது.

சிலிண்டர் கட்டிக் கடலுக்குள் கூட்டிப்போகிறவரைத் தேடிப் போனோம். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து போய்க் குடியேறிய தமிழர். ஷெட்டில் படகைக் கவிழ்த்துப் போட்டுச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார்.

"சார், யாரு சார் உங்களை இந்த மாசம் வரச் சொன்னது? படகைக் கரையேத்திப் பத்து நாளாச்சு. இனிமே மழை விட்டுத்தான். ஜனவரியில வாங்க, தங்கமா காட்டறேன்."

அப்போது மகள் வாயைத் திறந்தாள். எட்டாம் வகுப்பு முடித்திருந்தாள், என் கிளாஸிலேயே படித்தவள். யாரையும் குத்திக்காட்ட அவளுக்குத் தெரியாது. ஏதோ கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் சொன்னாள்: "அம்மா, நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க? மே மாசக் கடைசியில முதல்ல அந்தமானைத் தொடும்னு!"

படகுக்காரர் என்னைப் பார்த்தார். "மேடம் டீச்சரா?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லுமுன் என் வீட்டுக்காரர் குறுக்கே வந்துவிட்டார். "அவங்க ஜனவரிதான் சொன்னாங்க. என் ஆபீஸ்லதான் லீவு குடுக்கல. இப்போ விட்டா இல்லைன்னுட்டான். என்ன பண்றது?" என்று சிரித்தார். அவருக்குப் பொய் சொல்லவே வராது. அன்றைக்குத் திக்காமல் திணறாமல் சொன்னார்.

ஆறு நாள் விடுதி ஜன்னலில் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை என்று சொன்னால் தப்பு. நிறையப் பேசினார், மகளோடு சீட்டு விளையாடினார், எனக்கு டீ வாங்கி வந்தார். ஒரு தடவையாவது திட்டித் தொலைத்திருக்கலாம். பதிலுக்கு நானும் நாலு வார்த்தை கத்தியிருப்பேன். நியாயம் இல்லாவிட்டாலும் கத்தியிருப்பேன், மனசு லேசாகியிருக்கும்.

கடைசி நாள் மழை கொஞ்சம் விட்டது. படகுக்காரரிடம் கெஞ்சி ஒரு முகக்கண்ணாடி மட்டும் வாங்கிக்கொண்டு கரையோரம் இறங்கினார். வேண்டாம், காது என்று நான் கத்தினேன். "ஒரே ஒரு தடவை" என்றார். இடுப்பளவு தண்ணீர். காட்டு மண்ணெல்லாம் கரைந்து வந்து டீ நிறத்தில் கிடந்தது. முங்கினார், எழுந்தார், மறுபடி முங்கினார். நாலைந்து முறை முங்கியிருப்பார். மேலே வந்ததும் மகள், "என்னப்பா தெரிஞ்சது?" என்று கேட்டாள். "நம்ம ஊர்க் கிணறு மாதிரியே இருக்கு பாப்பா" என்றார்.

ஊர் திரும்பிய பத்தாம் நாள் காதில் வலி. அப்புறம் சீழ். ஐப்பசி மழையில், வீட்டுக்குள் தண்ணீர் வந்த அதே வாரத்தில், ஜவ்வு கிழிந்துவிட்டது. டாக்டர் முன்னே சொன்னதைத் திருப்பிச் சொல்லவில்லை. "இனிமே தலை நனையாம பாத்துக்குங்க" என்று மட்டும் சொன்னார். அந்தக் காதில் கேட்பதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஒரு வருஷத்தில் சுத்தமாக நின்றுபோனது.

அந்தப் பொய்யை அவர் விடவே இல்லை. சர்ச்சில் கேட்டவர்களுக்கும் அதையேதான் சொன்னார், என் அண்ணனுக்கும் அதையேதான். அது சுற்றிச் சுற்றி என் ஸ்டாஃப் ரூமுக்கே வந்தது. "நல்ல சீசன்ல உங்க வீட்டுக்காரருக்கு லீவு குடுக்கலையாமே? சரியான பேஜார் புடிச்ச ஆபீஸ்தான் டீச்சர்" என்றாள் கணக்கு டீச்சர். நான் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே, "ஆமா, என்ன பண்றது" என்றேன். லீவு தருகிறேன் என்ற அந்த நல்ல அதிகாரியின் பெயரை அவர் பொய் சொல்லிக் கெடுத்தார். நான் தலையாட்டித் தலையாட்டிக் கெடுத்தேன். அடுத்த பீரியடே எட்டாம் வகுப்பு. போய் அம்பு வரைந்தேன்.

இரண்டு வருஷம் இதைச் சுமந்தேன். களைப்புதான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். களைப்பாக இருந்தது நிஜம். ஆனால் அவர் மாதத்தைக் கேட்டபோது, அவருடைய கடலை நான் ஒரு நிமிஷம்கூட நினைத்துப் பார்க்கவில்லை. என் லீவை மட்டும்தான் பார்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குரோம்பேட்டையில் காய் வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் நடந்து வந்தோம். கையில் பை கனத்தது. தெரு முனை திரும்பியதும் என்னவோ தோன்றி, நடந்துகொண்டே சொல்லிவிட்டேன். "ஏங்க, தப்பு என்னோடதுங்க. எனக்குத் தெரிஞ்சிருக்கணும். யோசிக்காம சொல்லிட்டேன். உங்க கடலை நான்தான் கெடுத்தேன். என்னை மன்னிச்சுடுங்க." சொல்லிவிட்டு அங்கேயே நின்றுவிட்டேன்.

அவர் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். நாலடி தள்ளித்தான் நான் பக்கத்தில் இல்லை என்று கவனித்துத் திரும்பிப் பார்த்தார். நான் வந்தது அவருடைய இடது பக்கம்.

"என்ன டீச்சர், ஏதாவது சொன்னியா?" என்று கேட்டு, நல்ல காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்.

நான் அந்தக் காதைப் பார்த்தேன். இன்னொரு தடவை அதைச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

"ஒண்ணுமில்ல" என்றேன். "பை கனமா இருக்கு."

அவர் திரும்பி வந்து என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார்.