கடற்கரை அடுப்பும் ஒரு வாளித் தண்ணீரும்

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு மூர் மார்க்கெட் பிளாட்பாரத்தில் கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடித்தேன். பொன்னேரிக்கு டிக்கெட் பத்து ரூபாய். முதுகுப் பையில் ஒரு மடக்கு கிரில், இரண்டு கிலோ அடுப்புக்கரி, பூண்டும் மிளகாயும் அரைத்த மசாலா ஒரு டப்பா. கிரில் புத்தம் புதிது, இன்னும் ஒரு மீனைக்கூடக் கண்டதில்லை. பழவேற்காட்டு மடவை மீனை வாங்கி, வாங்கிய கரையிலேயே சுட்டுத் தின்ன வேண்டும் என்று ஒரு மாதமாக இதே நினைப்பு. கூட வருவதாகச் சொன்ன நண்பர்கள் இருவரும் விடியற்காலையில் போனை எடுக்கவில்லை. நான் காத்திருக்கவும் இல்லை.

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு பஸ்ஸில் பதினெட்டு கிலோமீட்டர். இரண்டு பக்கமும் நெல்வயல். ஊரை நெருங்கும்போது வயல் தீர்ந்து உப்பு வாடை தொடங்குகிறது. பஸ் நிலையத்தில் இரண்டு இட்லி, ஒரு வடை, முப்பது ரூபாய். பாலத்தைத் தாண்டி லைட்ஹவுஸ் குப்பம் பக்கம் போகும் ஷேர் ஆட்டோவில் முன்சீட்டு கிடைத்தது. பாலத்தின் கீழே ஏரி முழங்கால் ஆழத்தில் பளபளத்தது. நடுவில் நின்று வலை வீசிக்கொண்டிருந்தவர்கள் தண்ணீரின் மேல் நடப்பவர்கள் போலத் தெரிந்தார்கள்.

ஓட்டுநர் என் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கம்பியைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னா தம்பி இது, ஜன்னலப் பேத்துக்கினு வந்துட்டியா?"

"கிரில்ணே. மீன் சுடறதுக்கு."

அவர் சிரிப்பை நிறுத்தினார். "உள்ள வச்சு ஜிப்பப் போடு. ஊருல பேஜாரா கீது. நெருப்புன்னு வாயத் தொறந்தாலே அடிக்க வராங்கோ."

மெட்ராஸிலிருந்து வாரக்கடைசியில் கும்பல் கும்பலாக வருகிறார்கள், மணலில் கரி மூட்டுகிறார்கள், போகும்போது மணலைத் தள்ளி மூடிவிட்டுப் போகிறார்கள் என்றார். "மேல பாத்தா ஒண்ணும் தெரியாது. உள்ள கனிஞ்சுக்கினே இருக்கும். ஒரு பொம்பள மெதிச்சுட்டா. ரெண்டு விரல எடுத்துட்டாங்கோ."

பத்து மணிக்கு இறங்கினேன். லைட்ஹவுஸ் குப்பத்துக்கு வடக்கே உள்ள ஒரு சின்னக் குப்பம். பெயரை எழுத வேண்டாம் என்று அங்கிருந்தவர்கள் கேட்டுக்கொண்டார்கள். எழுதினால் அடுத்த ஞாயிறே நாலு வேன் வந்து நிற்கும் என்று பயம். கரைக்குள் நுழையும் இடத்தில் புதுப் பெயின்ட் மணக்கும் தகரப் பலகை: 'கடற்கரையில் தீ மூட்டுதல், அடுப்பு வைத்தல், சமைத்தல் தடை செய்யப்பட்டுள்ளது. மீறினால் அபராதம் ரூ. 500. ஊராட்சி மன்றம்.' அதற்குப் பத்தடி தள்ளி, பாதியாக வெட்டிய தகர டிரம் ஒன்று குப்புறக் கிடந்தது. மேலே ஒரு காக்கை.

டிரம்முக்குச் சொந்தக்காரி கோமதி. முப்பத்தைந்து வயது இருக்கும். சனி, ஞாயிறுகளில் வருபவர்களுக்கு அந்த டிரம்மில் கரி போட்டு மீன் சுட்டுக் கொடுப்பவர். பிளேட் நூற்றைம்பது. பலகை வந்த நாளிலிருந்து அடுப்பு மூட்டவில்லை. கணவர் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறார். பாதி நாள் டீசல் காசுக்குக்கூட மீன் கிடைப்பதில்லை. பெரிய மகளுக்குக் காலேஜ் சீட்டு வந்திருக்கிறது. அவளை அனுப்பப்போவது கடலல்ல, அந்த டிரம்தான்.

"பதினோரு மணிக்குக் கிளார்க்கு வராரு. எனக்கு மட்டும் வுடுவாங்களான்னு இன்னிக்கித் தெரிஞ்சிரும்" என்றார். ஊராட்சிச் செயலரைத்தான் கிளார்க்கு என்கிறார்கள்.

விரலை இழந்தவர் பக்கத்திலேயே, கவிழ்த்த போட்டின் நிழலில் உட்கார்ந்திருந்தார். தேசம்மா. கோமதிக்கு ஓரகத்தி, கணவரின் அண்ணன் மனைவி. அந்த அண்ணன் நான்கு வருடங்களுக்கு முன் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து இறந்துபோனவர். அதற்குப் பிறகு மகன் கடலுக்கு வரமாட்டேன் என்று காட்டுப்பள்ளித் துறைமுகப் பக்கம் கான்ட்ராக்ட் வேலைக்குப் போய்விட்டான். தேசம்மா மீன் காயவைத்து விற்கிறார். வலது காலில் கட்டு. மணல் போகாமலிருக்க அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் பையை ரப்பர் பேண்டு போட்டு மாட்டியிருந்தார்.

"ரொம்ப வலிச்சுதா?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"வலிச்சிருந்தா காலத் தூக்கியிருப்பேனே கண்ணு. சுகரு. காலுல ஒண்ணும் தெரியாது. காரப்பொடி மீனக் கொட்டிப் பரப்பிக்கினு இருந்தேன். கருகுற நாத்தம் வந்துச்சு. எந்த மீனுடா கருகுதுன்னு தேடுனேன்." அவர் பிளாஸ்டிக் பையைச் சரிசெய்துகொண்டார். "குனிஞ்சு பாத்தா என் காலு."

பதினொன்றரைக்கு மீன் ஏலம் போடும் கொட்டகையில் கூட்டம் கூடியது. பெண்களே அதிகம். செயலர் பைக்கில் வந்தார். ஏரிக்கு மேற்கே நெல் விளையும் ஊர்க்காரர். "எங்க ஊர்ல வைக்கோல் போர் பக்கத்துல பீடி பத்த வச்சாலே தொரத்துவோம்" என்று தொடங்கினார். "வெளியாளுங்களுக்கு அடுப்பு கிடையாது. அதுல மாத்தமே இல்ல. கோமதி மனு குடுத்திருக்கு. அதப் பேசலாம்."

அவர் கடுமையான ஆள் என்று எதிர்பார்த்திருந்தேன். மனிதர் ஏற்கெனவே ஒரு வழி யோசித்து வந்திருந்தார். தண்ணீர்த் தொட்டியருகே ஒரு சிமென்ட் கிணற்று உறை சும்மா கிடக்கிறது. அதை வலையும் கருவாடும் இல்லாத இடத்தில் பதிப்பது. அதற்குள்தான் அடுப்பு. காற்று பலமாக அடித்தால் அன்று மூட்டக் கூடாது. கடை கட்டும்போது தண்ணீர் ஊற்றி அணைத்து, கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

கோமதி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார். கடைசியில் ஆட்டவில்லை.

"தண்ணி ஊத்த மாட்டேன் சார்."

"ஏம்மா?"

"நான் கட கட்டுற நேரம் அவரு வல வுடப் போயிருப்பாரு. கடல்ல கீறாரு சார்."

செயலருக்குப் புரியவில்லை. எனக்கும்தான். பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தார்: "ஆம்பள கடல்ல இருக்கசொல்ல எவளாவது அடுப்புல தண்ணி ஊத்துவாளா? ஊத்துனா அவன் கர ஏறுவானா? இன்னா சார் நீ, நல்லது கெட்டது தெரியாம பேசிக்கினு!"

"சரிம்மா, கோவிச்சுக்காதீங்க. அப்போ இத்தன நாளா எப்படி அணைச்சே?"

"மணலப் போட்டு மூடிருவேன்."

சொன்ன பிறகுதான் அது அவருக்கே கேட்டது. கொட்டகையில் எல்லாக் கண்களும் அந்தப் பிளாஸ்டிக் பைக்குப் போயின. கரையில் வேண்டாததையெல்லாம் மணலுக்குள் தள்ளுவதுதான் வழக்கம், மீன் குடலானாலும் அறுந்த வலையானாலும். கரியும் அப்படியே போயிருக்கிறது. யாருக்கும் அதில் தப்பு தெரிந்ததில்லை.

"மெட்ராஸ்காரன் மெட்ராஸ்காரன்னு கத்துனோமே" என்றது ஒரு குரல்.

"நான் மூடுறது மணல் மேட்டுக்கு அந்தாண்டக்கா" என்றார் கோமதி. "சத்தியமா அந்தாண்டதான். உன் மீனு காயிற எடத்துல இல்லக்கா."

தேசம்மா அவரை வெகுநேரம் பார்த்தார். "வுடு. நெருப்புல பேரா எழுதிக் கீது?"

செயலர் பேனாவை மூடினார். "தண்ணி இல்லாம நான் எழுதித் தர முடியாதும்மா. நாளைக்கு இன்னொரு கால் சுட்டா யார் பதில் சொல்றது?"

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, "நான் ஊத்தறேன் சார்" என்றேன். சாயங்காலம் வரைக்கும் இங்கேதான் இருப்பேன் என்றும் சேர்த்துக்கொண்டேன். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். தேசம்மா சிரிக்கவில்லை.

"நீ இன்னிக்கி இருப்ப கண்ணு. நாளைக்கி?"

உட்கார்ந்துவிட்டேன். தேசம்மா பக்கத்தில் கிடந்த படகுத் துடுப்பை ஊன்றி எழுந்தார்.

"நான் ஊத்துறேன். எனக்குக் கடல்ல யாரும் இல்ல."

வெளியே கருவாட்டை நாய் நெருங்குவதைப் பார்த்தும் யாரும் விரட்டவில்லை.

"எழுது சார். அணைக்கிறது தேசம்மா. கோமதி இல்ல. அதத் தெளிவா எழுது."

செயலர் எழுதினார். எழுதியதை உரக்கப் படித்தும் காட்டினார். கோமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

மத்தியானம் நாலைந்து பேர் கிணற்று உறையை உருட்டிக்கொண்டு வந்து பதித்தார்கள். நான் கொண்டுபோன கரியைக் கோமதியிடம் கொடுத்தேன். மசாலா டப்பாவை முகர்ந்து பார்த்தவர், "பூண்டு ஜாஸ்தி" என்று திருப்பித் தந்துவிட்டார். அவர் மசாலாவில், அவர் டிரம்மில், அவர் கையால் திருப்பிப் போட்ட மடவையைத் தின்றேன். காசு வாங்க மறுத்தார். பிளேட்டுக்கு அடியில் வைத்துவிட்டு எழுந்தேன். கிரில் பையிலேயே இருந்தது.

ஐந்து மணிக்குக் கோமதியின் கணவர் போட்டைத் தள்ளிக்கொண்டு போனார். அலையைத் தாண்டி அது சிறுத்துப்போகும் வரை கோமதி பார்த்திருந்தார். பிறகு தேசம்மா வாளியோடு வந்தார். வாளியை நான் தூக்கி வர விடவில்லை. கோமதி உறைக்கு முதுகைக் காட்டி, கடலைப் பார்த்தபடி நின்றுகொண்டார்.

தண்ணீர் விழுந்ததும் ஒரு பெரிய சீறல். வெள்ளையாக ஆவி எழுந்து தேசம்மாவை மூடிற்று. விலகியபோது அவர் உறைக்குள் குனிந்து, ஈரச் சாம்பலுக்குள் கையை முழங்கை வரை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். கை அவரை ஏமாற்றாது போலும்.

"ஆறிப்போச்சு. திரும்புடி" என்றார்.

திரும்பிப் போகும்போது காலை வந்த அதே ஆட்டோ. "சுட்டியா தம்பி?" என்று கேட்டார். "சாப்பிட்டேன்" என்றேன். பொன்னேரியில் ரயில் அரை மணி நேரம் தாமதம்.

வீட்டுக்கு வந்து பையை இறக்கும்போது அம்மா அடுப்பில் பால் வைத்துவிட்டுப் போனில் பேசிக்கொண்டிருந்தார். பால் பொங்கி வழிந்து, பர்னரில் விழுந்து, புஸ்ஸென்று நெருப்பு அணைந்தது. நான் திடுக்கிட்டு நிமிர்ந்தேன். அம்மா பேச்சை நிறுத்தாமல் துணியால் துடைத்தார், கேஸ் குமிழைத் திருப்பினார், மறுபடி பற்றவைத்தார். எங்கள் வீட்டிலும் கடலில் யாரும் இல்லை.