என் பங்குத் தேத்தண்ணி

மற்றத் தாய்மார் மகன் சாராயம் குடிக்கிறான் என்று அழுவார்கள். என் அம்மா, நாற்பது தாண்டி மீசை நரைத்த என்னை, தண்ணீர் குடித்துவிடாமல் காவல் காக்கிறார். என் சிறுநீரகங்கள் இரண்டும் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு நின்றுவிட்டன. அவற்றின் வேலையைக் கிழமையில் இரண்டு நாள் ஆசுப்பத்திரி இயந்திரம் பார்க்கிறது. மிச்ச நாட்களில் நான் குடிப்பது வெளியேற வழியில்லாமல் உடம்பிலேயே தங்கும். கூடினால் நெஞ்சுக்கு ஏறி மூச்சு முட்டும். அதனால் விடிந்ததும் அம்மா ஒரு சின்னச் சோடாப் போத்தலில் தண்ணீர் நிரப்பி என் கட்டிலருகே வைப்பார். அன்றைக்கு அவ்வளவுதான். இளநீரோ வாசனையே கூடாது. அதிலுள்ள பொட்டாசியம் தேங்கி இதயமே நின்றுவிடலாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். எங்கள் ஊர் ஒட்டுசுட்டான் வெயிலுக்கு இதெல்லாம் தெரியாது. அது தன்பாட்டில் எரிக்கும்.

வெயிலைக்கூட மன்னிப்பேன். உபசரிக்கும் சனத்தைத்தான் மன்னிக்க முடியவில்லை. எங்கள் பக்கத்தில் வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் விடுவது குற்றம். கொடுத்ததைக் குடிக்காமல் எழும்புவது அதைவிடப் பெரிய குற்றம். "எங்கட வீட்டில வாய் நனைக்கமாட்டினமாம்" என்ற கதை நாங்கள் பஸ் ஏறுமுன் ஊரைச் சுற்றி வந்துவிடும்.

ஆகவே அம்மாவும் நானும் ஒரு வித்தை பழகினோம். நான் கோப்பையை உதட்டில் வைத்து, "ஆ, நல்ல சாயம்" என்று நடிப்பேன். வீட்டுக்காரர் அந்தப் பக்கம் திரும்பியதும் அம்மா தன் வெறுங்கோப்பையை என்னிடம் தள்ளிவிட்டு என்னுடையதை எடுத்து மளமளவென்று குடித்து முடிப்பார். நடிகன் நான்; தண்டனை அவருக்கு. அம்மாவுக்குச் சீனி வருத்தம். மரியாதை தெரிந்த வீடுகளிலோ கோப்பையின் அடியில் சீனி கரையாமலே கிடக்கும். நோயாளி ஒருவன் என்று போய் இருவராகத் திரும்புவோம்.

போன சித்திரையில் மாமி, அப்பாவின் தங்கை, கிளிநொச்சியில் கட்டிய புதுவீட்டுக்குக் குடிபுகுந்தா. போகாமல் விடமுடியாது. விறாந்தையில் கதிரை போட்டு இருத்தினா. தேத்தண்ணி வந்தது. மாமி என் எதிரிலேயே அமர்ந்து என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தா.

"என்ன மருமோன், ஆறுது. குடியுமன்."

"குடிக்கிறன் மாமி. சூடு."

"உந்த மீசைக்குச் சூடு தாங்காதோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அது. குசினிக்குள் யாரோ கூப்பிட மாமி தலையைத் திருப்பினா. அம்மாவின் கை நீண்டது. பாதிக் கோப்பை போயிருக்கும், மாமி திரும்பிவிட்டா.

"ஐயோ மச்சாள்! பிள்ளையின்ர தேத்தண்ணியையும் நீங்களே குடிக்கிறியள்?"

விறாந்தை முழுக்கச் சிரிப்பு. அம்மா குனிந்தபடி, "அவனுக்குக் கூடாது மச்சாள்" என்றார்.

"ஒரு தேத்தண்ணியில என்ன வந்திடப்போகுது? தண்ணி குடிச்சால்தானே கிட்னி கழுவுப்படும்? நீங்கள் பொத்திப் பொத்தி வைச்சுத்தான் அவனை வருத்தக்காரனாக்கிப் போட்டியள்."

கலியாணமாகி வந்த நாளிலிருந்து மாமியிடம் ஒரு சொல் எதிர்த்துப் பேசாத அம்மா, கோப்பையோடு எழும்பினார். எழும்பிய வேகத்தில் தேத்தண்ணி சேலையில் சிந்தியது.

"விடிய எழும்பி அவன்ர தண்ணியை நான்தான் அளந்து ஊத்திறன், மச்சாள். பின்னேரம் நாக்கு ஒட்டுதம்மா எண்டு கேப்பான். இல்லையெண்டு சொல்லுவன். பெத்த நானே இல்லையெண்டு சொல்லிப்போட்டு, குசினிக்குப் பின்னால ஒளிச்சு நிண்டு தண்ணி குடிக்கிறன். உங்கட மரியாதைக்கு அவன் மூச்சு முட்டிச் சாகவேணுமோ?"

அம்மா ஒளித்துக் குடிப்பது எனக்கு அதுவரை தெரியாது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, என் தாகத்தைப் பற்றியே பகிடி விட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன். அன்று என் வாயில் ஒரு பகிடியும் வரவில்லை. அம்மாவின் கையிலிருந்த கோப்பையை வாங்கி மாமியின் கையில் வைத்தேன்.

"அம்மாவுக்குச் சீனி வருத்தம், மாமி. இனி எங்கையும் என்ர தேத்தண்ணியை அவா குடிக்கமாட்டா. கோவமெண்டால் கோவியுங்கோ."

மாமி கோப்பையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தா. கண் கலங்கிவிட்டது. எழும்பி வந்து என் தோளைத் தடவினா. விளங்கிவிட்டது என்று நினைத்தேன்.

"எனக்குத் தெரியாமப் போச்சுது ராசா," என்றா. "தேத்தண்ணி வேண்டாம், விடு. பின்வளவில செவ்விளநி நிக்குது, ஒண்டு வெட்டட்டோ?"

அம்மா கைப்பையை எடுத்தார்.

"எழும்பு தம்பி," என்றார். "பஸ் வரப்போகுது."