கல்லு சாரின் தராசு

ஓய்வு பெற்ற மறுவாரமே மளிகைக் கடை போட்டால் ஊர் சும்மா இருக்குமா? அதுவும் யார், கல்லு சார்! எடை ஆய்வாளராக முப்பத்து மூன்று வருஷம் தோல்பையில் சோதனை எடைக்கற்களைச் சுமந்துகொண்டு கடை கடையாக ஏறி இறங்கிய மனிதர். அவர் தெருமுனையில் தலைகாட்டினாலே கடைக்காரர்கள் அவசர அவசரமாகத் தராசைத் துடைப்பார்கள். பத்து கிராம் குறைந்தாலும் தராசைப் பறிமுதல் செய்துவிடுவார். மாமன் மச்சான் என்றெல்லாம் பார்க்கமாட்டார்.

கடை என்னவோ மனைவியின் ஆசை. கல்யாணமான புதிதில் அந்தம்மா கேட்க, "ரிட்டயர் ஆனதும் பார்க்கலாம்" என்று தலையாட்டிவிட்டு அவர் மறந்துபோனார். அந்தம்மா மறக்கவில்லை. பூட்டிக் கிடந்த ஒரு கடையைத் தேடிப் பிடித்து, டப்பாக்களுக்குத் தன் கையாலேயே பெயர் எழுதி ஒட்டினார். பழைய கடைக்காரர் விட்டுப்போன பித்தளைத் தராசு ஒன்று உத்தரத்தில் தொங்கியது. கல்லு சார் தன் கற்களை இரண்டு தட்டிலும் வைத்து மூன்று தடவை சோதித்தார். முள் இம்மி பிசகாமல் நடுவில் நின்றது.

முதல் நாள் எதிர்வீட்டுத் தையல்காரம்மா அரைக்கிலோ அரிசி கேட்டார். ஒரு தட்டில் கல்லையும் மறு தட்டில் பையையும் வைத்து அரிசியைக் கொட்டினார் கல்லு சார். தட்டு அசையவில்லை. இன்னும் கொட்டினார். பை நிறைந்து, கண் மதிப்பிலேயே இரண்டு கிலோவுக்கு மேல் போன பிறகுதான் முள் நடுவுக்கு வந்தது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. முள் சொன்னபடிதானே கொடுக்க முடியும்? கொடுத்தனுப்பினார்.

மறுநாள் காலையில் தையல்காரம்மா ஓடிவந்தார். "நேத்து என் தம்பி குடும்பத்தோட திடுதிப்புனு வந்து நின்னான் சார். நீங்க போட்ட அரிசி கச்சிதமா இருந்துச்சு. உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

கல்லு சார் தராசை அண்ணாந்து பார்த்தார். அதற்குள் மருந்துக் கடைக்காரர் வந்து ஒரு கிலோ பயறு கேட்டார். இரண்டு பிடி போட்டதுமே தட்டு தொப்பென்று இறங்கியது! அந்த மனுஷனாவது சண்டை போட்டாரா? "நல்லதாப் போச்சு, நாளைக்கு நாங்க வெளியூர் கிளம்புறோம். வாங்கி வச்சிருந்தா வண்டுதான் தின்னிருக்கும்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

கல்லு சார் உடனே சோதனைக் கற்களை இரண்டு தட்டிலும் வைத்தார். சரியாக நின்றது. ஆள் வந்தால் பொய் சொல்கிறது, ஆள் போனால் உண்மை சொல்கிறது. இப்படி ஒரு குற்றத்தை அவர் எந்தச் சட்டப் புத்தகத்திலும் படித்ததில்லை. மூன்று நாள் மண்டை காய்ந்தது. நாலாம் நாள் மத்தியானம் பழக்க தோஷத்தில் பறிமுதல் அறிக்கையை எழுதிவிட்டார். ஆய்வாளர் என்ற இடத்தில் தன் கையெழுத்து, குற்றவாளி என்ற இடத்திலும் தன் கையெழுத்து. அதை மனைவியிடம் நீட்டினார்.

"சாட்சின்னு போட்டிருக்கிற இடத்துல நீ ஒரு கையெழுத்துப் போடு. கடையை மூடிடலாம்."

"நீங்கதான் ரிட்டயர் ஆயாச்சே. எந்த அதிகாரத்துல பறிமுதல் பண்றீங்க?" என்றார் மனைவி. கேலியாகத்தான் ஆரம்பித்தார், ஆனால் குரல் உடைந்துவிட்டது. "இதுக்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன் தெரியுமா உங்களுக்கு?"

"பொய்த் தராசை வச்சுக்கிட்டு நான் எப்படிக் கடை நடத்துறது?"

அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கல்லாவைச் சுற்றி வெளியே போய், வாடிக்கையாளர் நிற்கும் பக்கம் நின்றார். "சரி, மூடுங்க. அதுக்கு முன்னாடி எனக்குக் கால் கிலோ சர்க்கரை போடுங்க."

போட்டார். தட்டு இறங்கவில்லை. பை நிறைந்தது, வழிந்தது, கல்லா மேல் குவிந்து தரையில் கொட்டியது. முள் கல் இருந்த பக்கமே சாய்ந்து நின்றது. மூட்டையே காலியாகிவிட்டது.

"என்ன இது! வீட்டுல இருக்கிறது ரெண்டு பேரு. உனக்கு எதுக்கு இவ்வளவு சர்க்கரை?"

அந்தம்மாவும் தராசைப் பார்த்துத் திகைத்துத்தான் நின்றார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "எனக்கு யாரும் கொசுறு போட்டதே இல்லைங்க. எல்லாருக்கும் மேல ஒரு பிடி அள்ளிப் போடுவாங்க. நான் போனா, ஆய்வாளர் சம்சாரம்னு பயந்து, கூட விழுந்த நாலு மணியையும் பொறுக்கி எடுத்துடுவாங்க. முப்பத்து மூணு வருஷமா அப்படித்தான். உங்ககிட்ட சொன்னா சிரிப்பீங்கன்னு சொல்லல."

கல்லு சாருக்கு அப்போதும் தராசு விவகாரம் புரியவில்லை. காலி மூட்டையை உதறி ஓரமாகப் போட்டார். "இன்னும் வேணுமா?" என்று கேட்டார்.

அந்தம்மா வெட்கப்பட்டுக்கொண்டே தலையாட்டினார். கல்லு சார் உள்ளே போய் அடுத்த மூட்டையை இழுத்துவந்து கட்டை அவிழ்த்தார்.