டிராக்டர் மேல் நின்ற நுரை

போன வாரம் என் கடைக்கு வந்த ஒரு சிவப்பு டிராக்டருக்கு ஷாம்பு நுரை அடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். பானெட்டிலிருந்து மட்கார்டு வரை வெள்ளையாக ஒட்டிக்கொண்டு இறங்காமல் நின்றது. அது என் மாமனாருடைய டிராக்டர். இந்த வண்டியின்மேல் என் நுரையை அவர் பார்க்கவேண்டும் என்று எத்தனையோ வருடம் ஏங்கியிருக்கிறேன். இப்போது அவர் இல்லை.

கச்சிராயபாளையம் சாலையில் நான் வாட்டர் சர்வீஸ் கடை போட்டபின், கூப்பிடு தூரத்தில் என் சகலையும், அதாவது என் மனைவியின் தங்கை கணவனும், ஒன்று போட்டான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். கரும்பு வயல் சேற்றோடு வரும் மாமனாரின் டிராக்டர் என் வாசலைத் தாண்டி அவன் கடைக்குப் போகுமே, அதைத்தான் தாங்க முடியவில்லை. என்னைக் கண்டால் வேகத்தைக் குறைத்து, "மாப்ள, சாப்டீங்களா?" என்று மரியாதையாகக் கேட்பார். பதில் சொல்வதற்குள் போய்விடுவார்.

எல்லாம் நுரையால்தான் என்று முடிவு கட்டினேன். அவன் அடிக்கும் நுரை ஒட்டி நின்று சேற்றை ஊறவைக்கும். என்னுடையது அடித்த கையோடு அடங்கி ஓடிவிடும். இத்தனைக்கும் நான் வேதியியல் படித்தவன். வெறும் தண்ணீர் தன்னைத்தானே இழுத்துச் சுருங்கப் பார்ப்பதால் அதில் குமிழி நிற்காது. ஷாம்புவின் மூலக்கூறுகள் ஒரு முனை தண்ணீரிலும் மறுமுனை காற்றிலுமாகக் குமிழித் தோலின் இரு பக்கமும் வரிசை கட்டி, அந்த இழுப்பைத் தளர்த்தும். தோல் எங்காவது மெலிந்தால் பக்கத்தில் இருப்பவை தண்ணீரையும் இழுத்துக்கொண்டு வந்து அடைக்கும். இவ்வளவும் தெரிந்து என்ன, ஷாம்புவைக் கூட்டிக் கூட்டி ஊற்றியும் நுரை நிற்கவில்லை. வயிறு எரிந்ததுதான் மிச்சம்.

ஒரு தை மாதம் மாமனார் வயலில் வெல்லம் காய்ச்சினார்கள். கொப்பரையில் பாகு நுரைத்துப் பொங்கியது. சகலை விளக்கெண்ணெயில் விரலை நனைத்துச் சில சொட்டுகள் தெறித்தான். நுரை சட்டென்று அடங்கியது. மாமனார் சிரித்துக்கொண்டே அவன் முதுகில் தட்டினார். அந்தக் கையையே பார்த்துப் பொருமிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. எண்ணெய் குமிழித் தோலில் பரவி, கட்டி நிற்கும் வரிசையைக் கலைத்து உடைத்துவிடுகிறது. நான் ஷாம்பு கலக்கிக்கொண்டிருந்தது பழைய எஞ்சின் ஆயில் டப்பாவில்.

புது வாளி வாங்கினேன். நுரை நின்றது, அவனுடையதைவிட நன்றாகவே நின்றது. கல்வராயன் மலையிலிருந்து செம்மண்ணோடு இறங்கும் ஜீப்புக்காரர்கள்கூட என்னைத் தேடி வந்தார்கள். மாமனார் மட்டும் போன ஆடியில் கண்மூடும்வரை சகலை கடைக்குத்தான் போனார்.

டிராக்டர் இப்போது சகலையிடம் இருக்கிறது. அவன் கடை மோட்டார் எரிந்துபோனதால் என்னிடம் ஓட்டி வந்தான். நுரையைப் பார்த்துக்கொண்டே, "உங்க நுரைதான் நல்லா நிக்குதுன்னு மாமா எப்பவும் சொல்வாருண்ணா" என்றான்.

"அப்பறம் ஏன் ஒருநாளும் இங்க வரல?"

"பெரிய மாப்ளைய எப்படி வண்டி கழுவச் சொல்றதுன்னுவாரு. எங்கிட்டன்னா, சக்கரத்துல சேறு அப்படியே இருக்குது, இன்னாய்யா கழுவுறன்னு சண்ட போட்டுக்கினே இருப்பாரு."

என்னிடம் அவர் ஒருநாள்கூடச் சண்டை போட்டதில்லை. நுரை இன்னும் அப்படியே நின்றது. குனிந்து சக்கரத்தைப் பார்த்தேன். கொஞ்சம் சேறு இருந்தது. அதைக் காட்டி என்னைத் திட்ட ஆளில்லை. அவரிடம் வாங்க வேண்டிய திட்டையெல்லாம் இவன் ஒருவனே வாங்கிக்கொண்டுவிட்டான்.