மரக்காலும் கோயில் எல்லையும்

பாகூரை அடுத்த செலியமேட்டில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தபோது என் கணவர் வெள்ளையனின் வலது பாதத்தில் கரும்புக் கட்டை குத்தியது. ரத்தம் அதிகம் வரவில்லை. பச்சிலை வைத்துக் கட்டினேன். மறுநாளும் அவர் வேலைக்குப் போனார். சில நாட்களில் பாதம் வீங்கியது. பிறகு விரல்கள் கறுத்தன. வலி விட்டுவிட்டது என்றார். குணமாகிறது என்று நினைத்தோம். புண் ஆறாமல் வலி மட்டும் நின்றால் மகிழ வேண்டாம் என்று இதைப் படிப்பவர்களுக்குச் சொல்வேன்.

நாங்கள் கல்வராயன் மலைக்காரர்கள். எங்களை மலையாளிகள் என்பார்கள். மலையாள தேசத்தோடு எங்களுக்குத் தொடர்பில்லை. மேலே சாமையும் தினையும் விதைப்போம். தானியம் தீரும் மாதங்களில் பாகூர்ப் பக்கம் கரும்பு வெட்ட இறங்குவோம். பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலம் அது. நாங்கள் செருப்பு அணிவதில்லை. எங்கள் ஊரில் கரிராமன் கோயில் எல்லைக்குள் செருப்புக் கால் படக்கூடாது. கீழே வந்தாலும் வெறுங்கால்தான்.

நிலத்துக்காரர் குடிசைக்கு வந்து கட்டுத்துணியை அவிழ்க்கச் சொன்னார். நாற்றத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இன்னாம்மா இது, இன்னும் பச்சில வச்சிக்கினு கீற? வண்டில ஏத்து.”

தவளக்குப்பம் வழியாகப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். வெள்ளைக்கார டாக்டர் காலை முழங்கால்வரை அழுத்திப் பார்த்தார். அவர் சொன்னதை உடனிருந்த தமிழர் எனக்குச் சொன்னார். காங்ரேன் (ரத்தம் ஓடாமல் சதை செத்து அழுகுவது).

“முட்டிக்குக் கீழ எடுத்துட்டா ஆளு பொழைப்பாரு. வுட்டா மேல ஏறிடும்மா.”

வெள்ளையன் காய்ச்சலில் கிடந்தார். இருந்தும் கேட்டுவிட்டது.

“வெட்ட வுடாத. மலைக்குத் தூக்கிட்டுப் போயிடு. முழுசா சாவறேன்.”

எங்கள் ஊரில் இப்படிப்பட்ட முடிவை மூப்பர் (ஊர்த் தலைவர்) முன் ஆண்கள் உட்கார்ந்து பேசி எடுப்பார்கள். அங்கே மூப்பர் இல்லை. நான் மட்டும் இருந்தேன். சிறிது நேரத்தில் அவர் பிதற்றத் தொடங்கினார்.

“எடுத்துடுங்க” என்றேன்.

மயக்கம் தெளிந்ததும் அவர் போர்வையைப் பார்த்தார். ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். தண்ணீர் வேண்டுமென்றாலும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட கன்னியாஸ்திரியிடம் கேட்டார், என்னிடம் இல்லை. நான் கட்டிலருகே தரையிலேயே இருந்தேன்.

ஒரு மதியம் அவராகப் பேசினார்.

“கட்டவெரலு அரிக்குது.”

“எந்தக் காலு?”

போர்வை தட்டையாக இருந்த பக்கத்தைக் காட்டினார். நான் போர்வையின் மேல், விரல் இருந்திருக்க வேண்டிய இடத்தைச் சொறிந்தேன். அவர் அழுதார். வெட்டுப்பட்ட நரம்பு, இல்லாத காலை இன்னும் உணரும், பயப்பட வேண்டாம் என்றார் அந்தத் தமிழர்.

புண் ஆறியபின் செலியமேட்டில் வண்டி செய்யும் தச்சர் மரக்கால் செய்து கொடுத்தார். தோல் உரிந்து, காய்த்து, மெல்ல நடை வந்தது. கோயில் திருவிழாவுக்கு மலை ஏறினோம்.

எல்லையில் அவருடைய பெரியப்பா மகன் மறித்தான்.

“கட்டையக் கழட்டிட்டு வரச் சொல்லு. செருப்பு மாதிரிதான அது?”

வெள்ளையன் குனிந்து மரக்காலைக் கட்டியிருந்த வாரை அவிழ்க்கப் போனார். நான் அவர் கையைப் பிடித்தேன். ஆண்கள் கூட்டத்தில் நான் பேசியது அதுவே முதல் தடவை.

“செருப்பக் கழட்டினா நிப்ப. இதக் கழட்டினா அவரு வுழுந்துடுவாரு. அப்ப இது காலுதான?”

மூப்பர் மரக்காலை நெடுநேரம் பார்த்தார்.

“ராமாயி, தண்ணி மொண்டா. ரெண்டு காலையும் கழுவிட்டு வரட்டும்.”

தண்ணீர் ஊற்றினேன். வெள்ளையன் இரண்டையும் தேய்த்துக் கழுவினார்.

சரிவில் ஏர் பிடிக்க அவரால் முடியாததால் பாகூர்ப் பக்கமே தங்கிவிட்டோம். வெல்லம் காய்ச்சும் அடுப்படியில் அவருக்கு வேலை. திருவிழாவுக்கு மட்டும் ஏறுவோம். முன்பு உச்சி வெயிலுக்குள் ஏறிவிடும் வழி அது. இப்போது பொழுது சாய்ந்துவிடுகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் கட்டையை ஊன்றி, நிதானித்து, மூச்சு வாங்கும் வரை நான் நிற்பேன். போன மாதம் ஊரில் ஒரு சாவு வீட்டுக்கு, அவரைக் கீழே விட்டுவிட்டு நான் மட்டும் ஏறினேன். ஒவ்வொரு திருப்பத்திலும் என் கால்கள் தாமாகவே நின்றன. அவசரமாக ஏறிப் பார்த்தேன். உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு அதன் போக்கிலேயே விட்டுவிட்டேன்.