கிருபாபாய் பேசிய இங்கிலீஷ்

கிருபாபாய் எஸ்.எஸ்.எல்.சி.யில் எல்லாப் பாடமும் தேறி இங்கிலீஷில் மட்டும் போனவள். நர்ஸ் படிப்பு ஆசையும் அதோடு போயிற்று. கணக்கில் வகுப்பிலேயே முதலாக வந்தவளை ஒரு பாஷை ஓரமாக உட்கார வைத்துவிட்டது. வெள்ளைக்காரன் கப்பலேறிப் போன பிறகும் நம் பிள்ளைகளுக்கு அவன்தான் பரீட்சை வைத்துக்கொண்டிருக்கிறான் என்று எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் நானும் அவளும் பக்கத்துப் பக்கத்து வீடு.

தன் கதி மகள் பியூலாவுக்கு வந்துவிடக் கூடாது என்று அவளுக்கு எப்போதும் ஒரே கவலை. 1987இல் ராஜபாளையத்தில் ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் எல்.கே.ஜி. சேர்க்க அலைந்தாள். அங்கே தாய் தகப்பன் இருவரும் நேரில் வரவேண்டும். கேட்ட கேள்விக்கு இங்கிலீஷில் பதில் சொல்ல வேண்டும். பள்ளி கேட்டுக்குள் தமிழ் வாயைத் திறக்கக் கூடாது, பெற்றவர்களானாலும் அதே சட்டம்தான்.

புருஷன் ஜேசுதாசன் ராஜபாளையத்துப் பஞ்சாலையில் வேலை பார்த்தான். ஷிப்டு முடிந்து நேராகப் பள்ளிக்கு வந்துவிடுகிறேன் என்றிருந்தான். அன்றைக்கென்று பார்த்து மாற்று ஆள் வரவில்லை, மிஷினை விட்டு நகர முடியவில்லை. இவள் பெந்தெகொஸ்தே சபைக்காரி. பொட்டு, தாலி, கம்மல் எதுவும் கிடையாது. நல்ல காரியமாயிற்றே என்று சபைக்குக் கட்டுகிற வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு போயிருந்தாள்.

தலைமை ஆசிரியை திருச்சிப் பக்கத்துத் தமிழச்சி. அவரும் இங்கிலீஷிலேயே கேட்டார். தகப்பன் எங்கே என்று கேட்கிறார் என்பது மட்டும் இவளுக்குப் புரிந்தது. வரவில்லை என்றால் சீட் போய்விடுமே. தெரிந்த வார்த்தைகளைக் கூட்டிச் சொன்னாள்:

“ஹஸ்பண்ட் லேட், மேடம்.”

அந்த அம்மாள் வெறும் கழுத்தைப் பார்த்தார், வெள்ளைச் சேலையைப் பார்த்தார். முகம் இளகிவிட்டது. மெதுவாக என்னவோ சொன்னார். இவள் எல்லாவற்றுக்கும் “எஸ் மேடம்” என்றாள். இரண்டு தமிழச்சிகளில் ஒருத்தி ஒரு வார்த்தை தமிழில் பேசியிருந்தால் காரியம் அங்கேயே தெளிந்திருக்கும். யார் பேசுவது?

கேட்டைத் தாண்டி வெளியே வந்ததும் பள்ளி ஆயா இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “சீட் எல்லாம் முடிஞ்சு போச்சு. தகப்பன் இல்லாத புள்ளைக்குன்னு வச்சிருந்த எடத்த ஒம் மகளுக்குக் குடுத்துட்டாவ. கர்த்தர் கைவிடல, தாயி.”

இங்கிலீஷில் ‘லேட்’ என்றால் காலமானவர் என்றும் ஆகும் என்பது கிருபாபாய்க்கு அப்போதுதான் உறைத்தது. உள்ளே போய்ச் சொன்னால் சீட் போகும். சொல்லாவிட்டால் புருஷன் செத்தவன். அவள் நின்றுகொண்டிருந்த நேரத்தில் தெருமுனையில் தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு ஜேசுதாசன் ஓடி வந்தான். ஆயா பார்ப்பதற்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவனைத் தாண்டி நடந்துவிட்டாள்.

விஷயம் தெரிந்ததும் அவன் விழுந்து விழுந்து சிரித்தான். “பேப்பர்ல தானட்டி செத்தேன்? புள்ள படிக்கட்டும்.”

அவளால் சிரிக்க முடியவில்லை. பொய் சொன்ன வாயால் வாங்கக் கூடாது என்று சபைத் திருவிருந்தில் அப்பமும் திராட்சரசமும் வாங்குவதை நிறுத்திவிட்டாள். அப்பாவைப் பற்றிப் பள்ளியில் மூச்சுவிடக் கூடாது என்று நாலு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கினாள். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் ஒரு மிஸ்ஸைக் கண்டதும் புருஷனை நின்ற இடத்திலேயே விட்டுவிட்டு, எங்கே போகிறதென்றுகூடப் பார்க்காமல் ஒரு பஸ்ஸில் ஏறிவிட்டாள். வத்திராயிருப்பில் இறங்கித் திரும்பி வந்தாள். என்னிடம் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வந்தது, அவள் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“என்னைக்காவது ஒருநாள் கண்டுபிடிச்சிருவாவ அக்கா. புள்ளைய வெளியே தள்ளிருவாவ. தூங்கவே முடியல,” என்பாள்.

அந்தப் பயத்தோடேயே வருஷங்கள் போயின. பியூலாவின் பாடங்களைக் கூடவே உட்கார்ந்து படித்ததில் கிருபாபாய்க்கும் இங்கிலீஷ் ஓரளவு பிடிபட்டது. மூன்றாம் வகுப்பில் பியூலா ‘என் தந்தை’ என்ற தலைப்பில் இங்கிலீஷ் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கினாள். அன்று நானும் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். ஜேசுதாசனுக்குக் கால் தரையில் பாவவில்லை. “என்னப் பத்தியா? சொல்லுட்டி, கேப்போம்,” என்று பிள்ளையை நடுவீட்டில் நிறுத்தினான்.

பியூலா கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள். “மை ஃபாதர் வாஸ் எ டால் மேன். ஹி வாஸ் வெரி கைண்ட். ஹி வாஸ்...”

முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த கிருபாபாயின் கை நின்றது. இருக்கிறார் என்று வரவேண்டிய இடத்திலெல்லாம் இருந்தார், இருந்தார். பிள்ளை ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. சுத்தமான இலக்கணம்.

“நல்லாத்தான் இருக்கு. அதென்ன, நூறு தடவ வாஸ் வாஸ்னு வருது?” என்று அவன் மனைவியைக் கேட்டான்.

அவள் குனிந்த தலை நிமிராமல் சொன்னாள். “அது மரியாதைக்குப் போடுறது. நாம ‘அவிய’ன்னு சொல்லுதோம்லா, அது மாதிரி.”

“எம்புட்டு மரியாத பாத்தியளா!” என்று அவன் என்னிடம் திரும்பிச் சிரித்தான். அவன் கண் கலங்கியிருந்தது. “ஏட்டி பியூலா, செத்த நில்லு. இன்னொரு தடவ சொல்லு.”

பியூலா அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையை ஆட்டினாள். பிள்ளை முதலிலிருந்து சொன்னாள்.