செபஸ்தியாருக்குப் போட்ட உப்பு

போன பனிக்காலத்தில், நான் அமெரிக்காவில் மகள் வீட்டில் இருந்தபோது, அவளுக்கு நெற்றியில் அக்கி வந்தது. இடது கண்ணுக்கு மேலே கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி, இமை வீங்கி மூடிக்கொண்டது. கண்ணுக்குள் இறங்கினால் பார்வைக்குக் கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் நேரம் பார்த்து மாத்திரை கொடுத்தேன், ரசம் சாதம் கரைத்துக் கொடுத்தேன். மனதுக்குள் புனித செபஸ்தியாரிடம் நேர்ந்துகொண்டேன். இவள் கண் தப்பினால் உங்கள் காலடியில் உப்பும் மிளகும் போடுகிறேன் என்று.

எங்கள் தூத்துக்குடிப் பக்கம் அம்மை, அக்கி, கட்டி எது வந்தாலும் அவரிடம்தான் ஓடுவோம். உடம்பெல்லாம் அம்பு தைத்தவருக்குப் புண்ணின் வலி தெரியாமல் இருக்குமா? உப்பு கரைகிற மாதிரி நோயும் கரையட்டும் என்று அவர் கோயில் கொடிமரத்தடியில் கை நிறையக் கொட்டுவோம். இந்துக்களும் வந்து கொட்டுவார்கள்.

மூன்று வாரத்தில் கண் தெளிந்தது. நெற்றியில் தழும்பு மட்டும் இருக்கிறது.

நேர்ச்சைக்குக் கல்லுப்புதான் வேண்டும். வீட்டில் இருப்பதோ தூள் உப்பு. ஆபீஸும் வீடுமாக அலைகிற மகளிடம் இதைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. கார் நிறுத்துகிற கராஜில் ஒரு பச்சை பக்கெட் நிறையக் கல்லுப்பு இருந்ததைப் பார்த்திருந்தேன். ஊறுகாய்க்கு வாங்கியிருப்பார்கள் என்று நினைத்து ஒரு டப்பாவில் அள்ளிக்கொண்டேன்.

இங்கே பிஸ்கட்டவே ஊரில் நாங்கள் போகும் கோயிலில் செபஸ்தியார் ஓரமாக ஒரு மரப்பீடத்தில் நிற்கிறார். சனிக்கிழமை பேத்திக்கு அங்கே ஞானோபதேச வகுப்பு. அது முடியும்வரை நான் உள்ளே உட்கார்ந்திருப்பேன். கோயிலைத் துடைக்கிற மெக்சிகோக்கார அம்மாவும் நானும்தான் அப்போது இருப்போம். அவர் பேச்சு எனக்குத் தெரியாது, என் பேச்சு அவருக்குத் தெரியாது. நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுவதை ஒரு நாள் பார்த்தார். அடுத்த வாரத்திலிருந்து என் இடத்தில் ஒரு சின்னத் தலையணை இருக்கும்.

அந்தச் சனிக்கிழமை அவர் வெளியே போன நேரத்தில் பீடத்தின் மேல், சிலையின் பாதத்துக்குப் பின்னால் உப்பையும் மிளகையும் கொட்டிவிட்டு, கும்பிட்டு வந்துவிட்டேன். நெஞ்சு லேசாக இருந்தது.

மறு வாரம் வகுப்பு முடிந்து பேத்தி ஓடி வந்தபோது, பீடத்துக்குப் பக்கத்தில் சாமியார் அந்த அம்மாவிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மா கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். பீடம் நனைந்து, வார்னிஷ் பொங்கி, வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்திருந்தது. ஓரத்தில் இரண்டு மிளகு.

"என்னட்டி சொல்லுதாரு சாமி?"

"வெட் மாப்பை அங்க வச்சிட்டாங்கன்னு ஃபாதர் சொல்றார் பாட்டி. திஸ் இஸ் த செகண்ட் டைமாம். வேற ஆள் பாக்கணுமாம். ஷீ இஸ் ஸேயிங் நோ, நோ."

வெளியே காரில் மகள் காத்திருக்கிறாள். பேத்தியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த அம்மாவின் வேலை போய்விடும்.

செபஸ்தியார் சிலையில் அம்பு மட்டும்தான் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததை எங்கள் ஊர்த் திருவிழாப் பிரசங்கத்தில் வருஷா வருஷம் கேட்டிருக்கிறேன். அவர் ரோமாபுரிச் சக்கரவர்த்தியின் காவல்படை வீரர். சிறையில் கிடந்த கிறிஸ்தவர்களுக்கு ஒளிவுமறைவாக உதவி செய்ததற்காக அவரை மரத்தில் கட்டி அம்பு எய்தார்கள். செத்துவிட்டார் என்று விட்டுப் போனார்கள். அடக்கம் செய்ய வந்த ஒரு விதவை, மூச்சு இருக்கிறதே என்று வீட்டுக்குத் தூக்கிப்போய் மருந்து போட்டாள். ஆறின பிறகு அவர் எங்கேயாவது ஓடிப்போயிருக்கலாம். ஓடவில்லை. சக்கரவர்த்தி வருகிற வழியில் போய் நின்று, நீர் செய்வது அநியாயம் என்று முகத்துக்கு நேரே சொன்னார். அதற்காகத்தான் அவரை அடித்தே கொன்றார்கள்.

என் முன்னால் நின்றது சக்கரவர்த்தி இல்லை, மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு வயசான சாமியார். அவரிடம் போய் நிற்கவே எனக்குப் பயமாக இருந்தது.

பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். "அவங்க இல்ல சாமி, நான்தான்னு சொல்லுட்டி. நேர்ச்சைக்கு உப்பு போட்டேன்னு சொல்லு."

அவள் சொன்னாள். சாமியார் ஏதோ கேட்டார்.

"எந்த சால்ட் பாட்டி?"

"கராஜ்ல பச்சை பக்கெட்ல இருந்துச்சே."

பேத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். "ஓ மை காட், பாட்டி! அது ஐஸ் மெல்ட்! ஸ்நோ மேல போடறது!"

வாசல் பனியைக் கரைக்கிற மருந்தைத்தான் நான் செபஸ்தியாருக்குக் காணிக்கை வைத்திருக்கிறேன். அது காற்றிலிருக்கிற ஈரத்தையெல்லாம் இழுத்துப் பீடத்தில் விட்டிருக்கிறது. சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு அந்த அம்மாவின் பக்கம் திரும்பி, நடந்ததைச் சொல்லி, தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார். அந்த அம்மா என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்து அந்தத் தலையணையில் உட்கார வைத்தார்.

காரில் மகள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இருந்தாள். "ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா வாங்கித் தந்திருக்க மாட்டேனா?"

"உனக்கு ஏற்கெனவே ஆயிரம் சோலி கெடக்கு."

"எனக்காகத்தானே நேர்ந்த? நல்லா இருக்கு போ!"

மருமகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பீடத்தைத் தேய்த்து வார்னிஷ் அடித்துக் கொடுத்தார். ஒரு திட்டு மட்டும் போகவில்லை.

அடுத்த முறை இந்தியன் கடையில் வாங்கிய கல்லுப்போடும் மிளகோடும் போனேன். செபஸ்தியார் காலடியில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருந்தது. அந்த அம்மா வைத்ததுதான். நான் போட்டு முடித்ததும் அவர் என் டப்பாவிலிருந்து நான்கு மிளகு எடுத்து, தன் வலது மணிக்கட்டைத் தடவிக் காட்டினார். துடைப்பம் பிடித்துப் பிடித்து வீங்கியிருந்தது. மிளகைக் கிண்ணத்தில் போட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

அவருக்காக நானும் ஒரு பிடி உப்பு போட்டேன்.